மலைச்சரிவில் ஒரு கிழங்கு

உணவின் வரலாறு என்றவுடன் அரண்மனை விருந்துகளையும் கோயில் மடைப்பள்ளிகளையும் நினைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஏடுகளில் இடம்பெற்றவை அவையே ஆதலின், அதில் வியப்பில்லை. ஏழையின் அடுப்பில் வெந்ததைப் பற்றி எவரும் செப்பேடு பொறித்ததில்லை. எனினும், ஒரு நாட்டு மக்கள் பசியை எவ்வாறு தாங்கினர், எங்கிருந்து எங்கே குடிபெயர்ந்தனர், யாரோடு அண்டை அயலாக வாழ்ந்தனர் என்பவற்றை அறிய வேண்டுமானால், அன்றாடத் தட்டு ஒன்றை எடுத்து ஆராய்வதே நல்ல வழி. அப்படி ஒரு தட்டை இங்கே எடுத்துக்கொள்வோம். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு. அதனருகே அம்மியில் நசுக்கிய காந்தாரி மிளகாய். மேலே சில துளி தேங்காய் எண்ணெய். இவ்வளவே. பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலைகளிலும் பிறந்து வளர்ந்து, இன்று மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழர் பலருக்கு, இந்தத் தட்டைப் பற்றி நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அதன் வரலாற்றை மட்டும் சற்று விரித்துச் சொல்லலாம்.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. இடையே ஆனைமலைத் தொடர் நிற்கிறது. ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த கணவாயில், வாளையாற்றுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் நெல் வயல்கள் நிறைந்த சமவெளி. மற்றொன்று, போடிமெட்டுக்கும் குமுளிக்கும் மேலே ஏலமும் தேயிலையும் வளரும் உயர்மலை நாடு. இரண்டிலும் தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில் பேசப்படுகின்றன. இரண்டிலும் இக்கிழங்கு உண்டு. ஆனால் இரண்டு இடங்களிலும் அது ஒரே வகையான மதிப்பைப் பெறவில்லை. அதற்குக் காரணம் பின்னர் வரும்.

முதலில் பெயரைக் காண்போம். மத்திய திருவிதாங்கூரிலிருந்து வந்து மலையேறியவர்கள் இதைக் கப்பை என்பர். பாலக்காட்டுப் பக்கத்தில் பூளக்கிழங்கு என்றும் கொள்ளிக்கிழங்கு என்றும் வழங்கும். கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கு இது மரச்சீனி. கொங்கு நாட்டாருக்குக் குச்சிக்கிழங்கு. ஏனையோருக்கு மரவள்ளி. கப்பலில் வந்ததால் கப்பை ஆயிற்று என்று சொல்வாரும் உளர். சொல்லாராய்ச்சி அதை ஒப்புமோ ஒப்பாதோ, கப்பலில் வந்தது என்னும் செய்தி மட்டும் உண்மை. தென் அமெரிக்காவில் தோன்றிய இச்செடியைப் போர்ச்சுகீசியரே மலபார்க் கரைக்குக் கொண்டுவந்தனர். அருகில் நசுக்கி வைத்த காந்தாரி மிளகாயின் முன்னோர்களும் அதே அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தவைதாம். ஆகவே, நம் பாட்டிமார் காலங்காலமாக உண்டது என்று நாம் எண்ணும் இத்தட்டில் பழமையான உள்நாட்டுப் பொருள் உப்பும் எண்ணெயும் மட்டுமே என்று சொன்னால் சிலருக்கு வருத்தமாகக்கூட இருக்கலாம்.

கிழங்கு கரைக்கு வந்த அளவில் அது உணவாகிவிடவில்லை. புதிய பண்டம் எதையும் ஏழை மக்கள் எளிதில் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதற்கு அவர்களிடம் நியாயமும் உண்டு. ஓர் ஆண்டு விளைச்சல் பொய்த்தால் பட்டினி கிடக்கப்போகிறவர்கள் அவர்கள்தாமே. ஐரோப்பாவிலும் இதே கதைதான் நடந்தது. அங்கே அமெரிக்காவிலிருந்து சென்றது உருளைக்கிழங்கு. ஜெர்மானிய உழவர்கள் அதை நெடுங்காலம் ஐயத்துடனேயே பார்த்தனர். பிரஷ்ய நாட்டு மன்னர் இரண்டாம் பிரெடெரிக், 1756-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் நாள், உருளைக்கிழங்கைப் பயிரிடுமாறு மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தம் அதிகாரிகளுக்குச் சுற்றாணை அனுப்பினார். ஆணை ஒரு நாளில் பலன் தரவில்லை. போரும் பஞ்சமும் வந்து தானியம் அரிதான பின்னரே கிழங்கு வயிற்றில் இடம்பிடித்தது. இன்றும் பாட்ஸ்டாம் நகரில் சான்சூசி மாளிகைத் தோட்டத்திலுள்ள அம்மன்னரின் கல்லறைமீது, பார்க்கச் செல்வோர் பூவுக்குப் பதிலாக உருளைக்கிழங்கை வைத்துவிட்டு வருகின்றனர்.

அந்த உருளைக்கிழங்கைக் கொண்டு ஜெர்மானியக் குடும்பங்கள் செய்யும் மிக எளிய உணவு எது தெரியுமா? தோலோடு வேகவைத்த கிழங்கு, அதனோடு பாலைத் திரித்து நீர் வடித்த கெட்டித் தயிர் போன்ற ஒரு பண்டம், சிறிது உப்பு, வெங்காயத்தாளை ஒத்த ஒரு கீரை. கிழக்கே லவுசிட்ஸ் என்னும் பகுதியில் அதன்மேல் ஆளிவிதை எண்ணெயையும் ஊற்றுவர். வெந்த கிழங்கு, காரசாரமான தொடுகறி, மேலே எண்ணெய்! அங்கே குளிர் நாட்டுச் செடிகள். இங்கே வெப்ப நாட்டுச் செடிகள். மற்றபடி, செலவில்லாமல் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்ப வேண்டும் என்னும் தேவை இரு நாட்டு அடுப்புகளிலும் ஏறக்குறைய ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கிறது.

திருவிதாங்கூரின் பிரெடெரிக் என்று சொல்லத் தக்கவர் விசாகம் திருநாள் இராமவர்மா. 1880 முதல் 1885 வரை ஐந்தாண்டுகளே அரியணையில் இருந்தவர். கல்வியிலும் பயிர்த்தொழிலிலும் நாட்டம் மிக்கவர். மரவள்ளியைத் திருவிதாங்கூர் மக்களிடையே பரப்பியதில் அவர் பங்கு பெரிது. கிழங்கு நஞ்சு என்று மக்கள் அஞ்சியதால், அதைச் சமைக்கச் செய்து தாமே உண்டு காட்டினார் என்று வழிவழியாகக் கூறுவர். கதை எப்படியாயினும், மக்களின் அச்சம் மூடநம்பிக்கை அன்று. மரவள்ளியில் உண்மையாகவே நஞ்சு உண்டு. லினமரின் என்னும் பொருள் கிழங்கில் அடங்கியுள்ளது. கிழங்கை வெட்டினாலும் நசுக்கினாலும் அது சிதைந்து சயனைடு நஞ்சாகிறது. கசப்பு வகைகளில் இது மிகுதி. இனிப்பு வகைகளில் குறைவு. ஆதலால் இக்கிழங்கை உணவாக்கியது மன்னரின் ஆணை மட்டுமன்று. தோலை முற்றும் நீக்கு, துண்டாக்கு, நிறைந்த நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவை, வெந்த நீரைக் கொட்டிவிடு என்னும் சமையல் முறையே அதை உணவாக்கியது. ஆப்பிரிக்காவில், பஞ்சக் காலத்தில் கசப்புக் கிழங்கைப் போதிய பக்குவம் செய்யாமல் உண்டதனால் கால்கள் முடங்கிப்போன மக்களின் செய்தியைப் படிக்கும்போது, வடித்துக் கொட்டும் அந்த நீரின் மதிப்பு நமக்குப் புலப்படுகிறது. எழுத்தறியாத எத்தனையோ பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பரப்பிய அறிவு அது. மன்னரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

ஆயினும் 1940-ஆம் ஆண்டுவரை கிழங்கு அரிசிக்குத் துணையாகவே இருந்தது. நிலைமையை மாற்றியது போர். திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பெரும்பகுதிக்கு வெளிநாட்டை, அதிலும் சிறப்பாகப் பர்மாவை, நம்பியிருந்தது. 1942 மார்ச்சு மாதத்தில் இரங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அரிசிக் கப்பல்கள் நின்றன. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் கடற்கரை வட்டாரங்களில், குறிப்பாகச் சேர்த்தலைப் பக்கத்தில், மக்கள் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர். எஞ்சியோரில் பலரை உயிரோடு வைத்திருந்தது மரவள்ளியே. அதுவரை தாழ்வாகக் கருதிய வீடுகளிலும் அது நுழைந்தது. நெல்லுக்கு நீர் வேண்டும், வயல் வேண்டும், காலம் தவறாத அறுவடை வேண்டும். மரவள்ளிக்கு ஒரு சாண் குச்சி போதும். மேட்டு நிலத்தில், உரமற்ற மண்ணில்கூட, எட்டுப் பத்து மாதங்களில் கிழங்கு வைக்கும். விளைந்த உடனே பிடுங்க வேண்டியதில்லை. தேவைப்படும்வரை மண்ணே களஞ்சியம்.

இந்தக் குணம்தான் அதை உயர்மலைக்கு ஏற்றியது. உணவுப் பெருக்கத்துக்காகக் காட்டு நிலங்களைப் பயிரிட அரசு இடம்கொடுத்தபோது, சமவெளியிலிருந்து நிலமற்ற குடும்பங்கள் மலை ஏறின. பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்த காலத்தில் வகுக்கப்பட்ட உயர்மலைக் குடியேற்றத் திட்டம் 1955-இல் நடைமுறைக்கு வந்தது. கல்லாற்றை அடுத்த பட்டம் காலனி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பகுதிகளின்மீது தமிழகத்துக்கும் திருவிதாங்கூருக்கும் வழக்கு இருந்த காலம் அது என்பதையும், குடியேற்றத்துக்குப் பசியோடு அரசியலும் காரணமாக இருந்தது என்னும் கருத்து அன்றே எழுந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. மலை ஏறியவன் முதலில் செய்தது, காட்டைத் திருத்திக் கப்பைக் குச்சியை ஊன்றியதே. மிளகும் காப்பியும் பலன் தர ஆண்டுகள் ஆகும். அதுவரை வயிறு காத்திருக்காது அன்றோ! இரவில் காட்டுப்பன்றி வந்து கிழங்கைத் தோண்டாதபடி பரண் கட்டிக் காவலிருந்த குடும்பங்களின் நினைவு இடுக்கியில் இன்னும் மறையவில்லை.

கிழங்கு நட்ட மண் எல்லாம் நிலைத்த மண் ஆகிவிடவில்லை. இடுக்கி நீர்த்தேக்கத் திட்டத்தின் பொருட்டு, 1961-இல் அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து குடியேறிகள் வெளியேற்றப்பட்டுக் குமுளியை அடுத்த அமராவதியில் கொண்டுவந்து விடப்பட்டனர். கொட்டும் மழையில் கூரையின்றி நின்ற அக்குடும்பங்களுக்காக ஏ. கே. கோபாலன் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அங்கேயே உண்ணாநோன்பு இருந்தார். பசிக்காக மலையேறியவர்களின் பொருட்டு ஒருவர் பசித்திருந்த அந்த இடம், கம்பம் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சந்தைகளிலிருந்து சிறு தொலைவிலேயே உள்ளது.

தமிழர்கள் இம்மலைக்கு வந்தது வேறு வழியில். 1877-இல் பூஞ்சாற்றுத் தம்புரானிடமிருந்து ஆங்கிலேயர் குத்தகை பெற்ற கண்ணன் தேவன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தபோது, கீழே மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து தொழிலாளர் வந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது வரிசை வீட்டில் ஓர் அறை; நட்டுக்கொள்ளச் சொந்த நிலம் இல்லை. அவர்களின் அரிசி போடிநாயக்கனூர் வழியாகக் கீழிருந்து வந்தது. ஆதலால் தேயிலை வரிசைகளில் சோறும் குழம்பும் நெடுங்காலம் தலைமை வகித்தன. ஏலமலையில் நிலை வேறு. கம்பம், போடி வட்டாரங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்ட வேலைக்கு வரும் பெண்களை இன்றும் மலைப்பாதைகளில் காணலாம். குடியேறிய விவசாயியின் வீட்டுக்கும் தமிழ்த் தொழிலாளியின் வீட்டுக்கும் இடையே அங்கே தொலைவு குறைவு. கப்பையும் கட்டன் காப்பியும் தமிழ் நாவுக்குப் பழகியது இப்படித்தான் என்று கருதுகிறோம். பால் சேராத கடுங்காப்பியைக் குறிக்கும் அந்தச் சொல்லே இடுக்கித் தமிழர் பேச்சில் இயல்பாகிவிட்டது.

மலைநாட்டில் மழை மாதங்கள் நீளமானவை. அந்நாட்களுக்கென்று கிழங்கைச் சேமிக்கும் முறைக்குக் கப்பை வாட்டுதல் என்று பெயர். கோடையில் ஒரு நாள் குறிப்பர். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும். ஆண்கள் கிழங்கைப் பிடுங்கிச் சுமந்து வருவர். பெண்களும் பிள்ளைகளும் வட்டமாக அமர்ந்து தோல் உரித்து, மெல்லிய வில்லைகளாக அரிவர். பெரிய செம்பு அண்டாவில் நீர் கொதிக்கும். அரைப்பதமாக வெந்த வில்லைகளை வடித்து, வெயில் காயும் பாறைகளின்மேல் பரப்புவர். பகல் முழுதும் வேலை. இரவில் அதே கிழங்கில் உணவு. கூலி என்று எதுவும் இல்லை. இன்று என் வீட்டில், நாளை உன் வீட்டில் என்னும் கணக்குத்தான். இவ்வாறு வாட்டி உலர்த்திய கிழங்கு மழை முடியும்வரை கெடாது. ஊறவைத்து வேகவைத்தால் போதும். பொங்கல் நாளில் நம் ஊர்களில் காணும் ஒற்றுமைக்கு அது சற்றும் குறைந்தது அன்று.

பாலக்காட்டுக்கு வருவோம். இங்கே நெல் உண்டு. மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்தபோது கட்டப்பெற்ற மலம்புழை அணையை 1955-இல் அன்றைய முதலமைச்சர் காமராசர் திறந்துவைத்தார். வயல்களுக்கு நீர் உறுதியாயிற்று. சோறு இருக்கும் ஊரில் கிழங்கு தலைமை ஏற்காது. மண்ணார்க்காட்டு மலையடிவாரங்களில் திருவிதாங்கூர்க் குடியேறிகள் அதை நட்டு உண்டனர். சமவெளியிலோ அது மாலைச் சிற்றுண்டி. தமிழ்க் குடும்பங்களில் மரவள்ளியைத் துருவி, ஊறிய அரிசியோடும் மிளகாயோடும் அரைத்து அடை வார்ப்பர். அதுவும் நல்ல பண்டமே. ஆனால் "கப்பை தின்பவர்" என்று பிறரைக் குறைத்துப் பேசும் வழக்கமும் இத்தகைய நெல் நாடுகளில் இருந்தது. வயல் உள்ளவன் வயல் இல்லாதவனைப் பார்த்துச் சொன்ன சொல் அது. இன்று நகர விடுதிகளில் அதே கப்பையும் மீன் கறியும் பீங்கான் தட்டில் உயர்ந்த விலைக்கு வருகின்றன. அன்று இகழ்ந்தவரின் பேரர்கள் விரும்பி உண்கின்றனர்.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி எல்லைகள் நடைமுறைக்கு வந்தன. பாலக்காடு கேரளத்துக்குச் சென்றது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட தென் வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மரச்சீனியும் மீனும் உண்ணும் விளவங்கோட்டார் அன்று முதல் தமிழ்நாட்டார். சோறும் குழம்பும் உண்ணும் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் கேரளத்தார். அடுப்பைக் கேட்டு எவரும் எல்லை வகுப்பதில்லை.

தமிழ்நாட்டின் உட்பகுதியில் இதே கிழங்கு வேறொரு வடிவம் எடுத்தது. போருக்கு முன் ஜவ்வரிசி நமக்குக் கிழக்காசிய நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. போரால் அது நின்றபோது, சேலம் வட்டாரத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். அது பெருந்தொழிலாக வளர்ந்து, 1981-இல் சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளருக்கென்று கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. ஒரே போர் மலைக்கு அந்தப் பக்கம் கிழங்கைச் சோறாக்கியது; இந்தப் பக்கம் பாயசமாக்கியது. மும்பையிலும் நாகபுரியிலும் நோன்பு நாட்களில் அண்டை வீட்டார் செய்யும் ஜவ்வரிசிக் கிச்சடியை உண்ணும் நம்மவர், அது பெரும்பாலும் சேலத்துக் குச்சிக்கிழங்கே என்று அவர்களிடம் சொல்லலாம்.

இனிச் சமைக்கும் முறை. வெளியூர்களில் தென்னாட்டுக் காய்கறி விற்கும் கடைகளில் இக்கிழங்கு கிடைக்கிறது, தில்லியில் ஐ.என்.ஏ. சந்தையிலும் மும்பையில் மாதுங்காவிலும் தேடலாம். வாங்குமுன் ஒரு முனையை ஒடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே பால் வெண்மையாக இருத்தல் நன்று. நீலமோ கருப்போ ஓடியிருந்தால் விட்டுவிடுக. பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களிலேயே இக்கிழங்கு கெடத் தொடங்கும். வாங்கியதை அன்றே சமைப்பது முறை. மண் நிறப் புறத்தோலை மட்டும் சீவினால் போதாது. அதன் அடியில் தடித்த உள்தோல் ஒன்று உண்டு. நீளவாக்கில் கீறினால் பட்டையாகக் கழன்றுவிடும். நடுநரம்பை எடுத்துவிட்டுச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கழுவி, கிழங்கு நன்கு மூழ்கும் அளவு நீரில், மூடாமல் கொதிக்கவிடுக. கொதி வந்ததும் அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் வார்த்து, உப்பிட்டு, முழுதும் வேகவைத்து மீண்டும் வடிப்பர். குக்கரில் மூடி வைத்து நீர் வற்றச் செய்வது விரைவான வழியாயினும், நாம் அதைப் பரிந்துரையோம்.

தொடுகறிக்குப் பத்துக் காந்தாரி மிளகாய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், கல்லுப்பு ஆகியவற்றை அம்மியிலோ உரலிலோ நசுக்குக. மைய அரைத்தல் கூடாது. பச்சைத் தேங்காய் எண்ணெயை மேலே ஊற்றுக. காந்தாரி கிடையாத ஊரில் பச்சை மிளகாய் உதவும், சுவை சற்றுக் குறையும். புழுக்கு விரும்புவோர், தேங்காய்த் துருவல், சீரகம், பூண்டு, மஞ்சள், பச்சை மிளகாய் ஆகியவற்றை ஒன்றிரண்டாக அரைத்து, வெந்த கிழங்கில் சேர்த்து மரக்கரண்டியால் மசித்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவர்.

ஒன்றைச் சொல்லாமல் விடுதல் ஆகாது. மரவள்ளி மாவுப்பொருள் மிகுந்தது. புரதம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே உள்ளது. வயிறு நிறைந்தும் உடல் மெலிவது இதையே நம்பிய ஏழைக் குழந்தைகளிடம் காணப்பட்ட துன்பம். ஒரே கிழங்கை நம்புதலில் மற்றோர் இடரும் உண்டு. 1845 முதல் ஐரோப்பாவில் உருளைக்கிழங்கை நோய் தாக்கியபோது அயர்லாந்து நாடே அழிந்தது. ஜெர்மானிய நாடுகளும் தப்பவில்லை. விலை ஏறியதால் 1847 ஏப்ரலில் பெர்லின் சந்தைகளில் மக்கள் கிழங்குக் கடைகளைச் சூறையாடினர். திருவனந்தபுரத்தை அடுத்த சிறீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் நஞ்சு குறைந்த, நோய் தாங்கும் வகைகளை உருவாக்கி வருவது இவ்விடர்களை எல்லாம் கருதியே. இல்லத்தளவில் செய்யத்தக்கது எளிது. கடலோரத்தார் கிழங்கோடு மத்தி மீன் வைத்தனர்; மலையோரத்தார் பயறு சேர்த்தனர். மீன் உண்ணாதோர் சிறுபயற்றையோ தட்டைப்பயற்றையோ வேகவைத்துத் தேங்காய் தூவி அருகில் வைத்துக்கொள்ளலாம். நான்கு பேருக்கு ஒரு கிலோ கிழங்கும் கால் கிலோ பயறும் போதுமானவை. மிஞ்சினால் மறுநாள் காலையில் கடுகும் வற்றல் மிளகாயும் தாளித்துப் பிரட்டி, கடுங்காப்பியோடு பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.